மாட்டுக்குப் போடும் கீரை

1

மலேசியாவில், கிள்ளானில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அதிகம் படிக்காதவள். இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டுக் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனவள். அங்கே ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்த ஒரகடத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு இந்தியாவுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. நீங்கள் எல்லாரும் கோயில் பார்க்கவும் சேலை வாங்கவும் இந்தியாவுக்கு வருவீர்கள். நான் குடியிருக்க வந்தேன். எங்கள் பக்கம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், சுற்றுச்சுவர் இருக்கிறது. ஒரு கம்பெனியின் சுவர் முடிகிற இடத்தில் அடுத்த கம்பெனியின் சுவர் ஆரம்பிக்கும். ஷிப்ட் விடுகிற நேரத்தில் பஸ்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால், ஊரே எங்கேயோ கல்யாணத்துக்குப் புறப்படுவது போல இருக்கும்.

போன தை மாதம் என் அம்மா கிள்ளானில் இறந்துபோனார். நான் போகவில்லை. போக விடவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மை என்னவென்றால், விசாவை நீட்டிக்க வேண்டிய தேதியை நான்தான் மறந்துவிட்டேன். தேதி தாண்டியவள் நாட்டை விட்டு வெளியே போவதற்கும் ஓர் அனுமதி வாங்க வேண்டுமாம். அது கைக்கு வர ஒன்பது நாள் ஆனது. அம்மாவால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதே. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றுகொண்டு, தம்பி உயர்த்திப் பிடித்த போன் வழியாக அம்மாவை வழியனுப்பினேன். என் இன்னொரு கையில் பாஸ்போர்ட்டின் மூன்று பிரதிகள் இருந்தன.

மறுநாள் விசா அலுவலகத்தில் ஒருவர் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேர் நடுவுல ஏ பி-ன்னு போட்டுகீதே, இன்னாம்மா அது? ஆந்திராவா?"

"இல்ல சார். இன்னாரோட மகள்னு அர்த்தம். மலாய்ல அப்படித்தான் போடுவாங்க."

"அப்ப உங்கம்மா பேரா பின்னாடி கீறது?"

"அப்பா பேரு சார்."

"அதானே பாத்தேன். பெத்தவ பேர எந்த நாட்லயும் போட மாட்டானுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா போய் ஒரு நாள்தான் ஆகியிருந்தது, நான் கவுண்டர் முன்னால் நின்று சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வருஷம் வந்தது. என் கையால் சமைத்து, அம்மாவுக்கு ஓர் இலை போட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதற்காக அந்த வாரம் நான் செய்த திருட்டுத்தனத்தைத்தான் எழுதப் போகிறேன்.

2

காய்கறியைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டுக்குக் கடைக் காய் வருவதில்லை. வேலு அண்ணனிடம் எங்களுக்கு ஒரு பங்கு இருக்கிறது. என் வீட்டுக்காரர் முரளியோடு கம்பெனி லைனில் நின்று வேலை பார்த்தவர் அவர். இரண்டு கம்பெனிச் சுவர்களுக்கு நடுவே அவருடைய நிலம் மட்டும் விற்காமல் மிச்சம் இருக்கிறது. லைனை விட்டுவிட்டு அதில் காய் போட ஆரம்பித்தார். இருபது வீட்டுக்காரர்கள் பங்கு சேர்ந்திருக்கிறோம். சனிக்கிழமைதோறும் காலையில் ஆட்டோவில் இருபது பை வரும். எல்லாப் பையிலும் ஒரே காய்தான் இருக்கும். நிலத்தில் என்ன விளைந்ததோ அதுதான். எனக்கு இது வேண்டும், அது வேண்டாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஐப்பசி மழையில் நாலு வாரம் தொடர்ந்து புடலங்காய் வந்தது. முதல் வாரம் கூட்டு. இரண்டாம் வாரம் பொரியல். மூன்றாம் வாரம் நான் பொறுமை இழந்து, மிளகாயும் கருவாடும் இடித்து, நம் ஊர் சம்பால் மாதிரி வதக்கிவிட்டேன். என் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவர் ஒரு வாய் எடுத்து வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னாடி இது, பொடலங்காய்க்கு இன்னா கோவம்?"

"காரமா இருக்கா அத்தை?"

"காரமா? காது வயியா பொக வருது. நல்லாதான் கீது, இன்னும் கொஞ்சம் போடு."

அத்தை அப்படித்தான். திட்டிக்கொண்டே இரண்டாவது முறை வாங்கிக்கொள்வார். ஒரு காலத்தில் நெல் போட்டவர், இப்போது ஒரு கம்பெனியில் புல்தரைக்குத் தண்ணீர் விடுகிற வேலை. அதைப் பற்றிக் கேட்டால், "மாடும் துன்னாது, மனுசனும் துன்ன மாட்டான், அதுக்கு ரெண்டு வேள தண்ணி" என்பார். ஆனால் அந்தப் புல் ஓரிடத்தில் மஞ்சளானால் போதும், வீட்டுக்கு வந்து அதைப் பற்றியேதான் பேசுவார்.

நாலாவது வாரப் புடலங்காயை என்ன செய்தோம் என்று கேட்காதீர்கள். இருபது வீட்டிலும் அதே காய் என்பதால் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடவும் முடியாது.

3

என் மகளுக்கு ஐந்து வயது. மகிழ் என்று பேர். நான் கிள்ளான் தமிழ் பேசுகிறேன், அவள் ஒரகடத்துத் தமிழ் பேசுகிறாள். காலையில், "பசியாறிட்டியா?" என்று நான் கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"இன்னாம்மா சாமியார் மாதிரி பேசற? துன்ட்டியான்னு கேளு."

போன மாதம் பள்ளிக்கூடத்தில் தாத்தா பாட்டி பேரை எழுதச் சொன்னார்களாம். அத்தையின் பேரைச் சரியாகச் சொன்னவள், என் அம்மாவின் பேருக்கு "போன் ஆயா" என்று சொல்லியிருக்கிறாள். டீச்சரும் அப்படியே எழுதிவிட்டார். குற்றம் சொல்ல முடியாது. என் அம்மா இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. பள்ளிக் கேண்டீனில் பாத்திரம் கழுவினார். லீவு கிடைத்தால் முழங்கால் வலிக்கும், முழங்கால் சரியானால் லீவு கிடைக்காது. எங்கள் கல்யாணம் கிள்ளானில் நடந்தபோது அத்தையால் அங்கே வர முடியவில்லை. இரண்டு சம்பந்திகளும் கடைசிவரை நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. வாரத்துக்கு ஒரு தரம் போனில் பேசுவார்கள். ஒருத்தர் பேசுகிற தமிழ் இன்னொருத்தருக்குப் பாதிதான் புரியும். இருந்தாலும் இரண்டு பேரும் மாற்றி மாற்றி என்னைக் குறை சொல்லிக்கொள்வது மட்டும் தெளிவாகப் புரிந்துவிடும்.

இப்போது அந்தப் போனும் வருவதில்லை. மகிழ் ஒரு நாள் கேட்டாள்: "போன் ஆயாவுக்கு டவர் கிடைக்கலியா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல.

4

அம்மாவுக்கு இலை போட்டால் அதில் என்ன வைப்பது என்று நான் யோசிக்கவே வேண்டியதில்லை. எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் லோங்காங் சாக்கடை ஓரமாக அம்மா வள்ளிக்கிழங்குக் கொடி போட்டிருந்தார். அங்கே கிழங்கு பிடிக்காது. அம்மாவுக்குக் கிழங்கு வேண்டியதுமில்லை. கொழுந்து இலையாகப் பறித்து, நெத்திலிக் கருவாடும் மஞ்சளும் பச்சை மிளகாயும் போட்டுத் தேங்காய்ப் பாலில் வேகவைப்பார். உங்களுக்குத் தெரியாததா, நம் பக்கம் எந்த வீட்டில் இது இல்லை.

இங்கே வள்ளிக்கிழங்கு நிறைய விளைகிறது. பொங்கலுக்குப் பை நிறைய வரும். ஆனால் இலையை யாரும் சாப்பிடுவதில்லை. கிழங்கைத் தோண்டும்போது கொடியை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடுகிறார்கள். ஆறு வருஷமாக நானும் வாயைத் திறந்து கேட்டதில்லை. ஏற்கெனவே தெருவில் என் பேர் மலேசியாக்காரி. மாட்டுத் தீனி கேட்டால் அந்தப் பேர் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

புதன்கிழமை வேலு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, சனிக்கிழமை பையோட கொஞ்சம் வள்ளிக் கொடி அனுப்ப முடியுமா?"

"கொடியா? நடறதுக்கா?"

"இல்லண்ணே."

"மாடு வாங்கிட்டீங்களா? முரளி சொல்லவே இல்லியே."

"மாடு இல்லண்ணே. எனக்குத்தான்."

அவர் ரொம்ப மரியாதையாக, உடம்பு சரியில்லாதவர்களிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

"இந்த வாரம் காய் பத்தலியாம்மா? சொல்லியிருந்தா ரெண்டு கத்திரிக்காய் சேத்து வெப்பனே."

கடைசியில் ஒத்துக்கொண்டார். வீட்டில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அதற்குக் காரணம் இருந்தது. இந்த வீட்டில் ஒரு வழக்கம். செத்துப்போனவர்களுக்குப் படையல் போடுவது அவர்களுடைய ஆண்பிள்ளை வீட்டில்தான். பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டில் அவளுடைய அப்பா அம்மாவுக்குப் போட மாட்டார்கள். அது இந்த வீட்டு முன்னோர்களை அவமதிக்கிற மாதிரி ஆகிவிடுமாம். பக்கத்து வீட்டு மருமகள் அவள் அப்பாவுக்குப் போட ஆசைப்பட்டபோது என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அத்தைதான் முன்னால் நின்று வேண்டாம் என்று சொன்னவர்.

அதனால் என் திட்டம் இது: ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அத்தை கடைக்குப் போவார். அந்த அரை மணி நேரத்தில் சமையலறையிலேயே அம்மாவின் படத்தைப் போனில் வைத்து, இலை போட்டு, கற்பூரம் காட்டி, மூடிவிடுவது. தம்பி அங்கே கேட்டரிங் சொல்லிவிட்டான். "ஆறு வகை கறி அக்கா, டெசர்ட்டும் இருக்கு லா" என்றான். அவனால் முடிந்தது அது. என்னால் முடிந்தது இது.

5

சனிக்கிழமை எனக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலை இருந்தது. விசா நீட்டிக்கிற காகிதங்களை ஸ்கேன் செய்ய வேண்டும். போன வருஷம் பட்டதற்கு அப்புறம், கடைசித் தேதிக்கு மூன்று மாதம் முன்பே நான் ஓட ஆரம்பித்துவிடுகிறேன். கடைக்காரர் என்னைப் பார்த்தாலே கணினியை ஆன் செய்கிறார்.

திரும்பி வந்தபோது வாசலில் பை இருந்தது. கத்தரிக்காய், முள்ளங்கி, அவரை, வள்ளிக்கிழங்கு. கொடியைக் காணவில்லை. வேலு அண்ணன் மறந்துவிட்டாரோ என்று போன் போட்டேன்.

"ஒரு கட்டு பெருசா கட்டி பைக்கு மேலயே வெச்சனேம்மா. ஆட்டோக்காரன் உங்கத்த கையிலதான் குடுத்தான்."

அத்தை கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அத்தை, பையோட ஒரு கட்டு வந்துச்சா?"

"ஆமா, வள்ளிக் கொடி. வேலுக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா, மாடு இல்லாத வூட்டுக்கு தீனி அனுப்பறான். பக்கத்து வூட்டு மாட்டுக்குப் போட்டேன். இன்னா சந்தோசமா துன்னுச்சி தெரியுமா?"

நான் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். மாடு என்னைப் பார்த்தது. அதன் வாயில் கடைசிக் கொடி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்க அதுவும் உள்ளே போய்விட்டது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று சொன்னால் போதாது. அம்மா செத்த அன்றைக்கு வராத அழுகை எல்லாம் அந்த மாட்டைப் பார்த்துத்தான் வந்தது. மகிழ் பயந்துபோய் முரளியைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

"இன்னாச்சி வாணி?"

"மாடு சாப்பிட்டுருச்சி."

"எத?"

"எங்கம்மாவோடத."

அதற்கப்புறம் எதையும் மறைக்க முடியவில்லை. கொடி எதற்கு, நாளைக்கு என்ன நாள், பத்து மணித் திட்டம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முரளி அத்தையைப் பார்த்தார். அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"அந்த எலையவா துன்னுவீங்க?" என்றார் முதலில்.

"ஆமா அத்தை."

"மாட்டுக்குப் போடறத?"

"நாங்க மனுசங்கதான் சாப்பிடுவோம்."

அத்தை சொன்னார்: "படையல் இந்த வூட்ல கூடாது வாணி. பக்கத்து வூட்டுப் பொண்ணுக்கு நா சொன்னதுதான் உனக்கும். மருமவளுக்கு ஒன்னு, ஊருக்கு ஒன்னுன்னு பேச எனக்குத் தெரியாது."

"அம்மா..." என்று ஆரம்பித்தார் முரளி.

"நீ கம்னு இர்ரா."

அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். யாரும் குறை சொல்லவில்லை. அதிலிருந்தே எல்லாரும் எவ்வளவு சங்கடப்பட்டார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

6

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் அத்தை வீட்டில் இல்லை. எட்டு மணிக்கு வேலு அண்ணனின் ஆட்டோவில் வந்து இறங்கினார். சேலையெல்லாம் சேறு. மடியில் ஒரு கட்டு வள்ளிக் கொடி. கையில் நாலு வாழையிலை.

"கொயுந்தா பறிச்சனா பாரு. எது துன்றது, எது துன்னக்கூடாதுன்னு எனக்கின்னா தெரியும்? நா மாடா?"

நான் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்டியே நின்னுகினு இருந்தா ஆச்சா? மதியத்துக்கு ஆளு வராங்க. சமையல் ஆவணும்."

"யாரு அத்தை வர்றாங்க?"

"எங்க சம்பந்தியம்மா." அத்தை காலைக் கழுவிக்கொண்டே சொன்னார். "பொண்ணு குடுத்து ஆறு வருசமாச்சி, அந்தம்மா இந்த வூட்ல இன்னும் கை நனைக்கல. படையல்தான் கூடாது. விருந்து வெக்கக் கூடாதுன்னு எவ சொன்னா?"

சமைத்தேன். தேங்காயை அத்தையே துருவிப் பிழிந்து பால் எடுத்துக் கொடுத்தார். நெத்திலியை மோந்து பார்த்து, "இது மலேசியா நெத்திலி இல்ல, எங்க ஊரு நெத்திலி, ஒயுங்கா வேக வெய்" என்றார். நான் உப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டேன்.

கூடத்தில் வரிசையாக நாலு இலை போட்டார் அத்தை. படம் இல்லை, விளக்கு இல்லை, கற்பூரம் இல்லை. முதல் இலைக்கு முன்னால் யாரும் உட்காரவில்லை. அடுத்ததில் அத்தை, அப்புறம் முரளி, கடைசியில் மகிழ். என்னைப் பரிமாறச் சொன்னார்.

"விருந்தாளிக்கு மொதல்ல."

முதல் இலையில் சோறு வைத்து, அம்மாவின் கீரையை ஊற்றினேன். அத்தை இலைப் பக்கம் திரும்பி, குரலைத் தூக்கினார். போனில் என் அம்மாவிடம் பேசும்போது கத்துவாரே, அதே குரல்.

"சாப்புடுங்க சம்பந்தி. கூச்சப்படாதீங்க. உங்க பொண்ணு சமையல்தான், நா ஒன்னும் பண்ணல. பொடலங்காய்ல மொளகாய் அரைச்சி கொட்டுறா, அத யாருகிட்ட சொல்றது? காலைல எயுப்பினா எயுந்திரிக்க மாட்டா. ஒரு துணிய ஒயுங்கா மடிக்கத் தெரியல."

"அத்தை, மடிப்பேனே" என்றேன்.

"பாருங்க, பேசினா எதுத்துப் பேசறா. நீங்கதான் கேக்கணும்."

"அம்மா, யார்கிட்ட பேசிக்கினு கீற?" என்றார் முரளி.

"பெரியவங்க பேசறப்ப நடுவுல வராத. சாப்புடு." அத்தை மறுபடியும் இலையைப் பார்த்தார். இப்போது குரல் இறங்கியிருந்தது. "அன்னிக்கி உங்கள பாக்க வர முடியலன்னு இவ மனசுல வெச்சிகினே கீறா. ஒரு வருசமா ஒயுங்கா துன்றதில்ல. நா சொன்னா கேக்கல. ஏதோ காயிதம், தேதி. மறந்துட்டா. மறக்கறதுதான். நீங்க ஒன்னும் நெனச்சிக்காதீங்க."

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். தேதியை மறந்தது நான்தான் என்று அத்தையிடம் நான் சொன்னதே இல்லை.

பிறகு அத்தை ஒரு வாய் கீரையை எடுத்து வைத்தார். மென்றார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"இத்தினி வருசமா இதயா மாட்டுக்குப் போட்டேன்" என்றார். இரண்டாவது முறையும் வாங்கிக்கொண்டார். மகிழ் கீரையை ஒதுக்கிவிட்டு நெத்திலியை மட்டும் பொறுக்கித் தின்றாள். நானும் பிறகு அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் தட்டு நிறைய.

சாப்பாடு முடிந்தது. விருந்தாளியின் இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. அதை எடுக்க வேண்டியவள் நான்தான். சாவு வீட்டில் சாப்பிட்டால் இலையை வெளிப்பக்கமாக மூடுவார்கள், தன் பக்கமாக மூடக்கூடாது. அந்தக் காரியம் திரும்ப நடக்கக்கூடாது என்பதற்காக. நான் குனிந்து, இலையில் சாப்பிடுகிறவர் உட்காரும் பக்கத்தைத் தூக்கி, வெளிப்பக்கமாக மூடப் போனேன்.

அத்தை என் கையில் ஓர் அடி வைத்தார்.

"விருந்துக்கு வந்தவங்க எலைய அப்டியா மூடுவ? இப்டி மூடு, உள்பக்கமா. அடுத்த வருசமும் வரணும்ல." சொம்பை எடுத்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். "அப்பயாவது உப்பு கம்மியா போடு. அந்தம்மா பாவம், கூச்சத்துல சொல்லாம போயிட்டாங்க."